ஒமக்கு எதுக்கு வே வெண்பா

பாறசாலைல ஏறி உக்காந்தா திருவனந்தபுரம் வர்றதுக்குள்ள பாசஞ்சர்ல முக்கா மணி நேரம் கெடைக்கும், ஒரு நாள்ல எனக்குன்னு இருக்குறது அந்த முக்கா மணி நேரம் தான், வீட்லயும் கெடைக்காது ஆபீஸ்லயும் கெடைக்காது. போன மாசம் அந்த நேரத்துல ஒரு புத்தகம் படிச்சிட்டு வந்தேன். ழாக் ரான்சியேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1981-ல எழுதுனது, பாட்டாளிகளோட ராத்திரின்னு தலைப்ப தமிழ்ல சொல்லலாம், நான் படிச்சது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. நெய்யாற்றின்கரை தாண்டி பாலராமபுரம் ஸ்டேஷன் வர்ற நேரத்துல ஒரு பத்தி வந்துச்சு. பாரீஸ்ல கப்ரியேல் கோனின்னு ஒரு தச்சர், வசதியானவங்க வீட்டுக்கு மரத்தரை போடுறது அவரு வேலை, 1848-ல தன்னோட வேலை நாள் எப்படி போகுதுன்னு ஒரு தொழிலாளர் பத்திரிகைல எழுதிருக்காரு. அதுல ஒரு எடத்துல, ஜன்னல் வழியா தோட்டம் தெரியுது, அந்த ஆளு கைய நிறுத்திட்டு பாக்குறான். அவ்வளவு தான் விஷயம். எனக்கு தொண்டைய அடைச்சிடுச்சு.

ஏன்னா அந்த ஸ்டேஷன்லேர்ந்து நடந்து போற தூரத்துல தான் எங்க பாட்டா தறி போட்டிருந்தாரு. சொந்த ஊரு நாகர்கோவில் வடசேரி, சின்ன வயசுலயே நெசவுக்குன்னு பாலராமபுரத்துக்கு வந்து அங்கயே இருந்துட்டாரு. வீட்டுக்குள்ள தமிழ், வாசப்படி தாண்டுனா மலையாளம், நாங்க வளந்ததே அப்படி தான். குழித்தறி பாத்தவங்களுக்கு தெரியும், நெய்யுறவரு தரைய தோண்டுன குழிக்குள்ள கால விட்டு உக்காந்திருப்பாரு, காலு ரெண்டும் மிதிக்கட்டைல, கை ஒன்னு ஊடுநூல் இருக்குற நாடாவ எறியும் இன்னொன்னு வாங்கும், பாக்குறவங்களுக்கு இடுப்புக்கு மேல தான் ஆளு தெரியும். பாட்டாவோட குழிக்கு எதுத்தாப்புல ஒரு சின்ன ஜன்னல், கம்பி கூட கெடையாது, மரச்சட்டம் தான், அவரு கண்ணு தரைக்கு கொஞ்சம் மேல இருக்குறதால அவருக்கு அதுல தெரு தெரியாது, தெருக்கோடி கோயில் ஆலமரத்தோட உச்சி மட்டும் தான் தெரியும்.

நான் பக்கத்துல உக்காந்து நாடாவுக்குள்ள வைக்கிற நூல்குழல், தார்னு சொல்வோம், அத ராட்டுல சுத்திக்கிட்டு இருப்பேன், ஒரு பத்து வயசு இருக்கும். தடக் தடக்னு போயிட்டு இருக்குற தறி திடீர்னு நிக்கும். நிமிந்து பாத்தா பாட்டா ஜன்னல பாத்துட்டு இருப்பாரு, ஒரு கைல நாடா அப்படியே இருக்கும், இன்னொரு கைல கட்டைவிரல் மத்த விரல் ஒவ்வொன்னா தொட்டுக்கிட்டு போகும். சீர் எண்ணுறாருன்னு பெறகு தான் எனக்கு வெளங்குச்சு. நூல் வரவு எழுதுற சீட்டு இருக்கும்ல, அதோட பின்பக்கம் தான் அவருக்கு நோட்டு. ஒரு நாள் எழுதிட்டு, "மக்களே இத கேளு"ன்னு படிச்சாரு.

காலிரண்டும் மண்ணுக்குள் கையிரண்டும் நூலுக்குள்
ஆலமரம் மேலே மனம்.

குறள் வெண்பா. தளை தட்டல, எதுகை இருக்கு, மோனை இருக்கு. படிச்சது அஞ்சாங் கிளாஸ், யாப்பு கத்துக்கிட்டது வடசேரில ஒரு பழைய வாத்தியார்கிட்ட, அதுவும் ராத்திரி தறி நின்ன பெறகு. நூலுக்குள்னு அவரு சொன்னது தறில நீளவாக்குல ஓடுற பாவு நூலா படிக்கிற நூலான்னு நான் இன்னைக்கு வரைக்கும் முடிவு பண்ணல, அவரு ரெண்டையும் தான் நெனச்சிருப்பாரு. ஆச்சி உள்ள இருந்து, "இருந்த எடத்துல பாட்டு கெட்டிக்கிட்டு இருந்தா பாவு எப்ப தீரும், ஓணம் வந்துட்டு"ன்னு சத்தம் போடுவா. ஆச்சி சொன்னதுல நியாயம் இருந்துச்சு, கேரளத்துப் பொம்பளைங்க உடுத்துற முண்டு நேரியத் எல்லாம் ஓணத்துக்கு முன்னாடி கொடுத்தா தான் காசு.

ஆனா இன்னொருத்தர் சொன்னது எனக்கு மறக்கல. நூல் கொடுத்து துணி வாங்குற மாஸ்டர் வீவர், பேரு வேண்டாம், ஒரு நாள் துணிய புரட்டி பாத்துட்டு ஒரு கசவுக்கரைல, ஜரிகைக் கரைல, ஒரு இழை விட்டுப் போயிருக்குன்னு கண்டுபிடிச்சாரு. விட்டுப் போனது உண்மை தான். கூலில பிடிச்சாரு, அதுவும் சரி. போறப்ப அந்த சீட்ட எடுத்து பின்பக்கம் பாத்துட்டு, "ஒமக்கு எதுக்கு வே வெண்பா, நெய்யுற வேலைய பாரும்"னாரு. பாட்டா ஒன்னும் சொல்லல. சீட்ட வாங்கி மடிச்சு மடில வச்சிக்கிட்டாரு, அதுக்கப்புறம் ஒரு வாரம் தறி நடுவுல நிக்கவே இல்ல.

காலேஜ்ல நான் தத்துவம் எடுத்தேன், பிளேட்டோவோட குடியரசு படிச்சப்ப அந்த மாஸ்டர் வீவர் சொன்ன அதே வார்த்தை அங்க இருந்துச்சு. கிமு நாலாம் நூற்றாண்டு புத்தகம். நல்ல நகரத்துல ஒருத்தருக்கு ஒரு தொழில் தான், செருப்பு தைக்கிறவரு செருப்பு தைக்கணும், நெய்யுறவரு நெய்யணும், ஏன்னா வேலை யாருக்காகவும் காத்திருக்காது, அதுக்கு ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்த விட்டா வேலை கெட்டுப் போகும். இது ரெண்டாம் புத்தகத்துல. மூனாம் புத்தகத்துல கவிஞன் வர்றான், எல்லாராவும் மாறி பேசத் தெரிஞ்சவன், ராஜாவாவும் பேசுவான் அழுற பொம்பளையாவும் பேசுவான். அவன என்ன பண்றதுன்னு கேட்டா பிளேட்டோ சொல்றாரு, தலைல வாசனைத் தைலம் ஊத்தி கம்பளி நூல் மாலை கட்டி மரியாதையா வேற ஊருக்கு அனுப்பிடுங்கன்னு. பத்தாம் புத்தகத்துல இன்னும் கடுமையா சொல்லிட்டு, தத்துவத்துக்கும் கவிதைக்கும் நடுவுல இருக்குறது பழைய சண்டைன்னு முடிக்கிறாரு. கடவுள் வாழ்த்தும் நல்லவங்க புகழும் மட்டும் ஊருக்குள்ள இருந்துக்கலாமாம்.

பாடத்துல இந்த ரெண்டையும் தனித்தனியா தான் சொல்லிக் கொடுத்தாங்க. தொழிலாளிக்கு ஒரு வேலைங்கிறது அரசியல் சாப்டர், கவிஞன வெளிய அனுப்புறது கலை சாப்டர். ரான்சியேர் தான் இது ரெண்டும் ஒன்னுன்னு காட்டுனாரு. கவிஞன் மேல பிளேட்டோவுக்கு கோவம் அவன் பொய் சொல்றான்னு மட்டும் இல்ல, ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு காரியம் பண்றான்ங்கிறது தான். செருப்பு தைக்கிறவனுக்கு மத்த எடத்துல இருக்க நேரம் இல்ல, அதனால சபைல இருக்க நேரம் இல்ல, அதனால ஊரப் பத்தி பேச அவனுக்கு வாய் இல்ல. கவிஞன் ஒருத்தன் ஊருக்குள்ள இருந்தான்னா, ஒரு ஆளு ரெண்டா இருக்கலாம்னு எல்லாரும் பாத்துக் கத்துக்குவாங்க. யாரு எங்க இருக்கணும், யாரு எத பாக்கலாம், யாரு பேசுனா பேச்சு, யாரு பேசுனா வெறும் சத்தம், இந்தப் பிரிப்பு தான் அரசியலோட அஸ்திவாரம்னு அவரு 2000-ல வந்த ஒரு சின்ன புத்தகத்துல எழுதுறாரு. பிரெஞ்சு சிந்தனைல கவிதை, தத்துவம், அரசியல்னு மூனு பேரு இவ்வளவு நாளா ஒரே வீட்ல சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்கன்னா, அதுக்கு எனக்கு தெரிஞ்ச நல்ல வெளக்கம் இது தான்.

ரான்சியேர் இதுக்கு வந்த வழியையும் சொல்லணும். 1940-ல அல்ஜியர்ஸ்ல பொறந்தவரு, அல்தூசர்ங்கிற மார்க்சியத் தத்துவவாதியோட மாணவர், மார்க்சோட மூலதனத்த வாசிக்கிறது எப்படின்னு 1965-ல வந்த கூட்டுப் புத்தகத்துல இவரும் எழுதிருக்காரு. 1968 மே மாசம் மாணவர்களும் தொழிலாளிகளும் தெருவுல எறங்குனத பாத்த பெறகு, தொழிலாளிக்கு அவன் நெலமைய வெளக்கிச் சொல்ல ஒரு விஞ்ஞானி வேணும்ங்கிற எண்ணத்தோட அவரால ஒத்துப்போக முடியல, 1974-ல குருவுக்கு எதிரா ஒரு புத்தகமே எழுதிட்டாரு. பெறகு வருஷக்கணக்கா ஆவணக்காப்பகத்துல உக்காந்து 1830கள், 40கள்ல தொழிலாளிங்க எழுதுன கடுதாசி, கவிதை, பத்திரிகை எல்லாத்தையும் படிச்சாரு. அசல் பாட்டாளியோட குரல், பாட்டாளியோட சொந்தப் பண்பாடு, அதத் தான் தேடிப் போனாரு. ஆனா கெடைச்சது வேற. தையல்காரங்களும் தச்சருங்களும் ராத்திரி தூங்க வேண்டிய நேரத்துல தூங்காம உக்காந்து, பெரிய கவிஞர்கள் மாதிரி எழுதிப் பாத்துட்டு இருந்திருக்காங்க. தங்களோட தொழில போற்றிப் பாடல, அந்தத் தொழில் தங்கள முழுசா விழுங்குறத தான் அவங்களால தாங்க முடியல. தூக்கத்துலேர்ந்து திருடுன அந்த ராத்திரி தான் அவங்களோட மொதல் புரட்சின்னு அவரு சொல்றப்ப எனக்கு வடசேரி வாத்தியார் வீட்டுத் திண்ணை தெரிஞ்சுது.

நெசவாளர் கதை பிரான்ஸ்ல தனியாவே ஒன்னு உண்டு. லியோன் பட்டு நெசவாளர்கள் 1831 நவம்பர்ல கூலிக்காக எழுந்து நகரத்தையே கையில எடுத்தாங்க, உழைச்சு வாழணும் இல்லன்னா போராடிச் சாகணும்னு கறுப்புக் கொடில எழுதி வச்சிருந்தாங்க, 1834-ல திரும்பவும் எழுந்தாங்க. பாட்டா வடசேரில இருந்தப்ப ஜக்கார்டு பெட்டி வச்ச தறில நெய்ஞ்சிருக்காரு, ஜக்கார்டுங்கிறது அந்த லியோன்ல இருந்த ஒரு மனுஷனோட பேருன்னு அவருக்கு நான் சொல்ற வாய்ப்பு வரல. அவரு வாயில பொழங்குன ஒரே பிரெஞ்சு வார்த்தை அது.

இப்ப பிரெஞ்சு தத்துவவாதி சார்த்தருக்கு வர்றேன், கவிதையும் அரசியலும்ங்கிற இந்த விஷயத்த நம்ம ஊர்ல பேசுற எல்லாரும் அவர்கிட்டேர்ந்து தான் ஆரம்பிக்கிறாங்க. இலக்கியம் என்றால் என்னன்னு 1947-ல எழுதுனப்ப அவரு ஒரு கோடு கிழிச்சாரு. உரைநடை எழுதுறவன் வார்த்தைய கருவியா எடுத்து உலகத்த சுட்டிக் காட்டுறான், அதனால அவனுக்கு பொறுப்பு இருக்கு, அவன் ஒரு பக்கம் நிக்கணும். கவிஞன் வார்த்தைய பயன்படுத்துறது இல்ல, அவனுக்கு வார்த்தை ஒரு பொருள், கல்லு மாதிரி மரம் மாதிரி, அதனால அவன்கிட்ட அரசியல் கடமைய கேக்க முடியாது. படிக்கிறப்ப கவிஞனுக்கு விடுதலை கொடுக்குற மாதிரி இருக்கும், நல்லா யோசிச்சா இதுவும் கம்பளி மாலை தான், மரியாதை பண்ணி ஊருக்கு வெளிய கொண்டு விடுறது. ஆனா சார்த்தர் நேர்மையான ஆளு, அடுத்த வருஷமே, 1948-ல, செனகல் கவிஞர் செங்கோர் தொகுத்த ஆப்பிரிக்க, மடகாஸ்கர், கரீபியன் கவிஞர்களோட தொகுப்புக்கு முன்னுரை எழுதுறப்ப, பிரெஞ்சுல எழுதப்படுற இந்தக் கறுப்பின கவிதை தான் இன்னைக்கு இருக்குற ஒரே பெரிய புரட்சிக் கவிதைன்னு எழுதிட்டாரு. தங்கள அடக்கி ஆண்டவங்களோட மொழிய வாங்கி, அந்த மொழியவே உள்ளேர்ந்து உடைக்கிறாங்க, அதுக்கு உரைநடை பத்தாது கவிதை தான் வேணும்னாரு. தான் கிழிச்ச கோட்ட தானே தாண்டுனது பெரிய விஷயம்.

அந்தத் தொகுப்புல இருக்குற எமே செசேர எடுத்துக்கோங்க. மார்த்தினிக் தீவுக்காரர், தாய்நாட்டுக்குத் திரும்புறத பத்தின அவரோட நீண்ட கவிதை 1939-ல வந்துச்சு, 1945-லேர்ந்து 2001 வரைக்கும் ஃபோர் தெ பிரான்ஸ் நகரத்துக்கு மேயர், பாராளுமன்ற உறுப்பினர் வேற. கம்யூனிஸ்ட் கட்சில இருந்தாரு, 1956-ல கட்சித் தலைவர் மோரிஸ் தொரேசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி வெளிய வந்தாரு, எங்க சனத்தோட பிரச்சனைய வேற ஒன்னோட கிளைப் பிரச்சனையா வச்சிப் பாக்காதீங்கன்னு. 56 வருஷம் தெருவெளக்கு, சாக்கடை, குடிசைக்கு நடுவுல இருந்தாரு, கவிதைய விடல. ஒரு ஆளு ரெண்டு காரியம்.

பிரெஞ்சுக் கவிஞர் எலுவார் கதையும் எனக்கு பிடிக்கும். ஜெர்மன்காரங்க பிரான்ஸ பிடிச்சு வச்சிருந்தப்ப 1942-ல அவரோட ஒரு கவிதை வெளிய வந்துச்சு, ஸ்கூல் நோட்டுல, மேசைல, மரத்துல, மணல்ல உன் பேர எழுதுறேன்னு ஒவ்வொரு கண்ணியா போகும். கடைசில தான் காதலிக்கிற பொண்ணோட பேரு வரும்னு நெனச்சு ஆரம்பிச்சேன், முடிவுக்கு வந்தப்ப மனசுல இருந்தது சுதந்திரம்ங்கிற ஒரே வார்த்தைன்னு அவரே பெறகு சொல்லிருக்காரு. பிரிட்டிஷ் விமானத்துலேர்ந்து அத பிரான்ஸ் மேல துண்டுச் சீட்டா போட்டாங்க. 1945-ல பெஞ்சமின் பேரே, எலுவாரோட பழைய தோழர், இந்த மாதிரி எதிர்ப்புக் கவிதை எல்லாம் கவிஞர்களுக்கு அவமானம், விளம்பரத்துக்கு மேல இதுல ஒன்னும் இல்லன்னு எழுதுனாரு. பேரே பயந்தது சரியான பயம் தான். ஆனா அந்தக் கவிதை விளம்பரம் ஆகாம தப்பிச்சதுக்கு காரணம், எழுதுறவருக்கே கடைசி வார்த்தை என்னன்னு தெரியாம எழுதுனது தான்னு நான் நெனைக்கிறேன். முடிவு தெரிஞ்சு எழுதுறது வேற.

அதே காலத்துல ரெனே ஷார்ங்கிற இன்னொரு கவிஞர் என்ன பண்ணாருன்னா, ஆக்கிரமிப்பு முடியுற வரைக்கும் ஒரு வரி பிரசுரிக்க மாட்டேன்னு முடிவு பண்ணி, தெற்கு பிரான்ஸ் மலைக்கிராமத்துல அலெக்சாந்தர்ங்கிற பேர்ல ஆயுதக்குழுவுக்கு கேப்டனா இருந்தாரு. ஒரு நோட்டு மட்டும் வச்சிருந்தாரு, 1946-ல புத்தகமா வந்துச்சு, 237 துண்டுக் குறிப்பு. அதுல 138-ஆவது குறிப்பு படிச்சதுலேர்ந்து என்னால மறக்க முடியல. அவரோட தோழன் ஒருத்தன், அவனும் கவிஞன், அவன நாஜிகளோட எஸ்எஸ் படை கொல்றத நூறு மீட்டர் தூரத்துல மறைஞ்சிருந்து இவரு பாக்குறாரு. துப்பாக்கி கையில இருக்கு, ஆளுங்க சுத்தி ரெடியா இருக்காங்க, கண்ணாலயே கேக்குறாங்க, சுடவான்னு. இவரு வேண்டாம்னு தலைய ஆட்டுறாரு. சுட்டா அந்தக் கிராமத்தையே அழிச்சிடுவாங்க. ஒரு கிராமம்னா என்ன, மத்த எந்தக் கிராமத்தையும் போல ஒரு கிராமம் தானேன்னு பெறகு தன்னையே கேட்டுக்கிறாரு. இத எந்த தத்துவப் புத்தகத்துலயும் ஒரு உதாரணமா போட முடியாது, போட்டா அது செத்துடும்.

அதே ஷார் தான் 1966, 68, 69-ல தன்னோட ஊருக்குப் பக்கத்துல இருக்குற ல தோருக்கு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர வரவழைச்சு வகுப்பு நடத்த வச்சாரு. 1933-ல நாஜிக் கட்சில சேந்தவரு ஹைடெக்கர், ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்துக்கு ரெக்டரா இருந்தவரு. போருக்கு அப்புறம் பிரெஞ்சு தத்துவம் பெரும்பாலும் அவருகிட்டேர்ந்து ஒரு பாடம் எடுத்துக்கிச்சு, சிந்தனைய விட கவிதை ஆழம், தத்துவவாதி கவிஞன் காலடில உக்காந்து கேக்கணும்னு. கவிதை மேல இருக்குற ஆசைல எனக்கு இது முதல்ல ரொம்ப பிடிச்சிது, இப்ப பயமா இருக்கு. 1967 ஜூலை 25-ஆம் தேதி பௌல் செலான்ங்கிற யூதக் கவிஞர் ஹைடெக்கரோட மலைவீட்டுக்கு போனாரு. செலானோட அப்பா அம்மா ரெண்டு பேரும் நாஜி முகாம்ல செத்தவங்க, அவரு பாரீஸ்ல இருந்துக்கிட்டு, கொன்னவங்களோட மொழின்னு தெரிஞ்சும் ஜெர்மன்லயே எழுதுனவரு, ஏன்னா அது அம்மாவோட மொழியும் கூட. அந்த வீட்டு விருந்தாளி நோட்டுல எழுதுனாரு, மனசுலேர்ந்து ஒரு வார்த்தை வரும்ங்கிற நம்பிக்கைய எழுதுனாரு, அந்த மலைவீடு இருந்த டோட்னவ்பெர்க்ங்கிற ஊர் பேர்ல ஒரு கவிதையும் எழுதுனாரு. நாஜிக் கட்சில இருந்தத பத்தி ஹைடெக்கர்கிட்டேர்ந்து எதிர்பாத்த அந்த வார்த்தை வரல. 1970 ஏப்ரல்ல செலான் சேன் நதில விழுந்து இறந்து போனாரு. ஃபிலிப் லாக்கு-லபார்த்ங்கிற பிரெஞ்சு தத்துவவாதி 1986-ல செலானப் பத்தி எழுதுன புத்தகம் அந்த வராத வார்த்தைய சுத்தி சுத்தி தான் வருது. கவிஞர்கள இவ்வளவு உசத்திப் பேசுன ஒருத்தரு, வாசல்ல வந்து நின்ன கவிஞனுக்கு ஒரு வார்த்தை கொடுக்கல.

அலென் பதியுங்கிற இன்னொரு பிரெஞ்சு தத்துவவாதி இந்த எடத்துல தான் கோவமா உள்ள வர்றாரு. 1989-ல தத்துவத்துக்கான அறிக்கைன்னு ஒன்னு எழுதுனாரு. தத்துவம் தானா உண்மைய உண்டாக்காது, அறிவியல், கலை, அரசியல், காதல் இந்த நாலு எடத்துல உண்மை பொறக்குது, தத்துவத்தோட வேலை இந்த நாலுக்கும் சேந்து இருக்க எடம் கொடுக்குறது. நாலுல ஒன்னுகிட்ட மட்டும் தத்துவம் தன்ன ஒப்படைச்சிட்டா கெட்டுச்சு, அதுக்கு அவரு தையல்ங்கிற வார்த்தைய சொல்றாரு, புண்ண தைக்கிற தையல். ஒரு காலத்துல அறிவியலோட சேத்துத் தைச்சாங்க, மார்க்சியம் அரசியலோட தைச்சிது, ஹைடெக்கர் கவிதையோட தைச்சாரு. ஹோல்டர்லின்லேர்ந்து செலான் வரைக்கும் கவிஞர்களோட யுகம், தத்துவம் செய்யத் தவறுனத அவங்க செஞ்சாங்க, செலானோட அது முடிஞ்சிது, இப்ப தையல பிரிச்சு விடுங்கன்னாரு. இதுல முக்கால்வாசி எனக்கு சம்மதம். கவிஞனுக்கும் அது பெரிய விடுதலை, எல்லா பாரத்தையும் அவன் தலைல ஏத்தக்கூடாது.

ஆனா யுகம் முடிஞ்சுதுன்னு சொல்றப்ப யாரோட யுகம்னு கேக்கத் தோணுது. அவரு பட்டியல்ல ஏழு பேரு, மல்லார்மே, ரிம்போ, டிராக்கல், பெசோவா, மன்டெல்ஷ்டாம் நடுவுல. ஏழு பேரும் பெரியவங்க, நான் மறுக்கல. மல்லார்மேயே முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்துக்கிட்டு எழுதுனவரு. ஆனா கவிதை அரசியல் ஆகுறது பெரிய கவிஞன் ஒருத்தன் வர்றப்ப மட்டும் தான்னு வச்சா, அந்த நூல் சீட்டுக்குப் பின்னால இருந்தது என்னது? எங்க பாட்டா ஒரு பெரிய கவிஞர்னு நான் சொல்லல, அவரு எழுதுனதுல பாதி முருகன் மேல, அதுல நல்லது கொறைவு. அந்த ரெண்டு வரில ஒரு கோஷமும் இல்ல, கூலிய பத்தி கூட இல்ல. ஆனா குழிக்குள்ள இருக்குற ஆளுக்கு ஆலமரத்து உச்சில ஒரு மனசு இருக்குன்னு எழுதுன நிமிஷத்துல, மாஸ்டர் வீவருக்கு அது ஏன் பிடிக்கலன்னு எனக்கு இப்ப வெளங்குது. ஒரு இழை விட்டுப் போனது கூலில தீந்துடும். வெண்பா கூலில தீராது.

இதெல்லாம் பிரான்ஸ் சமாச்சாரம்னு தோணுறவங்களுக்கு எங்க திருவனந்தபுரத்துல நடந்த ஒன்ன சொல்றேன். சுந்தரம் பிள்ளை, 1855-ல ஆலப்புழைல பொறந்தவரு, திருவனந்தபுரம் மகாராஜா காலேஜ்ல தத்துவப் பேராசிரியர். தத்துவம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே மனோன்மணீயம்னு ஒரு செய்யுள் நாடகம் எழுதி 1891-ல போட்டாரு. 1897 ஏப்ரல்ல இறந்து போனாரு, அடுத்த மாசம் தான் மல்லார்மேயோட பகடைக் கவிதை ஒரு பத்திரிகைல வருது, வார்த்தைங்க பக்கம் பூரா சிதறிக் கெடக்கும்ல, அது. ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. சுந்தரம் பிள்ளையோட நாடகத்துல முன்னாடி வர்ற தமிழ்த்தெய்வ வணக்கத்த 1970-ல தமிழ்நாடு அரசு எடுத்து தமிழ்த்தாய் வாழ்த்தா ஆக்குச்சு. எடுக்குறப்ப சில வரிய விட்டுட்டாங்க. பரம்பொருள் வர்ற வரி போச்சு, ஆரியம்போல் உலக வழக்கழிந்துங்கிற வரி போச்சு, கன்னடமும் களிதெலுங்கும் கவின்மலையாளமும் துளுவும்னு வர்ற வரியும் போச்சு. மத்த மொழிக்காரங்க மனசு நோகக்கூடாதுன்னு காரணம் சொல்றாங்க, அதுவும் ஞாயம் தான், என் மொழி உன் மொழி வயித்துல பொறந்துச்சுன்னு சொன்னா பாலராமபுரத்துல என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு கோவம் வரும். ஆனாலும் அந்தக் கவின்மலையாளம்ங்கிற வார்த்தை, ஆலப்புழைல பொறந்து மலையாளத்துக்கு நடுவுல வாழ்ந்த ஒரு தமிழன் ஆசையா சொன்னது, எங்கள மாதிரி எல்லைல கெடக்குறவங்களுக்கு அந்தப் பாட்டுல இருந்த ஒரே எடம் அது தான். கடவுள் வாழ்த்து மட்டும் ஊருக்குள்ள இருக்கலாம்னு பிளேட்டோ சொன்னாருல்ல, அப்படி உள்ள வர்றதுக்கும் ஒரு வெல இருக்கு.

அப்படி வெட்டியும் ஒன்னு தப்பிச்சிது. கடைசி வரி, சீரிளமைத் திறம் வியந்து செயல் மறந்து வாழ்த்துதுமே. செயல் மறந்து. கவர்மெண்ட் விழாவுல அத்தன பேரும் எழுந்து நின்னு, கைய தொங்கப் போட்டு, செய்யுற வேலைய மறந்து நிக்கிறோம்னு பாடுறாங்க. நாகர்கோவில்ல சொந்தக்காரங்க வீட்டு ஸ்கூல் விழாவுல இந்தப் பாட்டு கேட்டப்ப எனக்கு கைல நாடாவோட ஜன்னல பாத்துட்டு இருந்த பாட்டா தான் கண்ணுல நின்னாரு. ஒரு அரசாங்கம் தன்னோட பாட்டுக்குள்ள இந்த வார்த்தைய வச்சிருக்குங்கிறது எனக்கு பெரிய சந்தோஷம்.

இப்ப கோனி எழுதுன அந்தப் பத்திய தமிழ்ல போட்டுப் பாத்துட்டு இருக்கேன், ராத்திரி பிள்ள தூங்குன பெறகு. பிரெஞ்சு மூலத்த பக்கத்துல வச்சு, அகராதி பாத்து, மெதுவா தான் போகுது. மொத வார்த்தைலயே நின்னுட்டேன். மரப்பலகைய தரைல வரிசையா பதிச்சு தளம் போடுறவருக்கு தமிழ்ல என்ன சொல்றது? தரை போடுறவர்னா ஒட்டல, தச்சர்னா கதவும் கட்டிலும் ஞாபகம் வருது. ரெண்டு ராத்திரி யோசிச்சேன். மூனாவது நாள் பாசஞ்சர்ல, அமரவிளை தாண்டி ஆத்துப் பாலத்து மேல போறப்ப ஞாபகம் வந்துச்சு, கோயில் பிரகாரத்துல கல்லு பாவிருக்கும்பா ஆச்சி. பாவுறது. விடியக்காலைல தெருவுல நீட்டிக் கட்டி கஞ்சி தேய்க்கிற அந்தப் பாவு, வெண்பாவுல இருக்குற பா, தரைல கல்லும் பலகையும் பாவுறது. பாட்டா கிட்ட சொல்லிருந்தா அன்னைக்கு பூரா தறிய நிறுத்திருப்பாரு.

இது வரைக்கும் வந்தது இவ்வளவு தான்:

பலகை பாவி முடிக்காத வரைக்கும் அந்த அறை தன் வீடுன்னே அவன் நெனைக்கிறான், அதோட அமைப்பு அவனுக்கு பிடிச்சிருக்கு. ஜன்னல் ஒரு தோட்டத்த பாத்துத் தொறந்திருந்தாலோ, தூரத்துல அழகான வெளி தெரிஞ்சாலோ, ஒரு நிமிஷம் கைய நிறுத்துறான், மனசால அந்த விரிஞ்ச காட்சிய நோக்கி மெதந்து போறான், சுத்துவட்டாரத்து வீடுகளோட சொந்தக்காரங்கள விட நல்லா அத அனுபவிக்கிறான்.